எழுபத்தாறாயிரம்

நோவா கோரிட்சாவில், பிப்ரவரியில்,
நூற்றுத் தொண்ணூறு பேர் தோற்று எழுந்துபோன கூடத்தில்
விடிகாலை மூன்றே காலுக்கு
ஒரு மேசைக்கு மட்டும் விளக்கு.
சீட்டுப் போடுகிறவன் நான்.
எனக்கு வாய் கூடாது என்பது விதி.
காதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை.

வலப்பக்கம் ஸ்டென்கா ஃபுர்லான்.
பல் கட்டும் கூடத்தில் வேலை.
சில்லுகளை அடுக்கி முடித்ததும்
கடைவாய்ப் பல்லைப் பொருத்திப் பார்ப்பதுபோல
விரல் நுனியால் ஒரு தட்டு.
இடப்பக்கம் எர்மானோ கொஸ்ஸுத்தா,
ட்ரியெஸ்தேக்காரர், காபி இயந்திரம் விற்பவர்.
இதே கோப்பைக்கு மூன்று முறை வந்து
மூன்று முறையும் இரண்டாவது.
கடைசித் தடவை சீட்டுப் போட்டவன் நான்தான்;
அதனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதல் பரிசு எண்பத்தொன்று,
இரண்டாவது ஐம்பத்து மூன்று, ஆயிரங்களில்.
இருக்கிற சில்லுக் கணக்கில் பிரித்தால்
அவளுக்கு எழுபது, அவருக்கு அறுபத்து நாலு.
பிரித்துக்கொள்ளலாம், தடையில்லை.
கோப்பையை மட்டும் பிரிக்க முடியாது,
அதை ஆடித்தான் எடுக்க வேண்டும்.
மேலாளர் காகிதம் எடுக்கப் போன நேரம்
எர்மானோ குனிந்து,
சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்:
"எழுபத்தாறு எடுத்துக்கொள்.
பெயரை எனக்கு விடு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
கைக்குட்டைத் தாளில் ஏதோ எழுதினாள்.
இடைவேளையில் தொலைபேசியில் அவள் கத்தியது
எனக்கும் கேட்டிருந்தது:
வீட்டில் பாதி அண்ணனுடையது,
அவன் கேட்பது எழுபத்தைந்து.
தாளைக் கசக்கினாள்.
"சரி."

மேலாளர் வந்தார், இரண்டு எண்களையும் பார்த்தார்,
புருவம் ஏறியது, இறங்கியது.
கையெழுத்து. மறுபடி சீட்டு.

பணம் போய்விட்ட மேசையில்
சீட்டுக்கு வேறு ஒலி.
அவள் பார்க்கிறாள், தள்ளுகிறாள்,
பார்க்கிறாள், தள்ளுகிறாள்.
சில்லுகள் கரையேறிப் போகின்றன எதிர்ப்பக்கம்.
எர்மானோ ஒவ்வொன்றையும் நன்றாக யோசித்து ஜெயிக்கிறார்,
நடிப்பா, இல்லை, உண்மையாகவே யோசிக்கிறார்
பாவம்.

பதினோராவது ஆட்டத்தில்
அவள் கை நின்றது.
சீட்டின் மூலையை உயர்த்தியவள்
தாழ்த்த மறந்துவிட்டாள்.
நான் இருக்கும் கோணத்துக்குத் தெரிந்தது:
இஸ்பேட் ஏஸ். அதன் அடியில்
ஆர்ட்டின் ஏஸ்.

பதினாறு வருடமாகச் சீட்டுப் போடுகிறேன்.
அந்த ஜோடியைக் கீழே வைத்த ஒருவரையும்
பார்த்ததில்லை.
எழுபத்தாறு ஏற்கெனவே அவளுடையது,
யாரும் பிடுங்க முடியாது.
மேலே தள்ளினால் போதும்.
வாய்ப்பேச்சுக்குச் சாட்சி நான் ஒருவன்,
எனக்கோ வாய் கிடையாது.

கட்டைவிரல் நகம் இஸ்பேட்டின் மூலையில்
அழுந்தி வெளுத்தது.
எர்மானோ தண்ணீர் குடித்தார்.
வெளியே போரா காற்று கொடிக்கம்பங்களை அடித்தது.
அவள் இரண்டையும் கவிழ்த்து
என் பக்கம் தள்ளினாள்,
உடைந்த பல்லை நோயாளிக்குக் காட்டாமல்
குப்பையில் போடுவதுபோல.

பிறகு ஏழும் இரண்டும் வந்தபோது
எல்லாவற்றையும் நடுவில் கொட்டினாள்.

கோப்பையோடு எர்மானோவைப் படம் எடுத்தார்கள்.
அழுதார். உண்மையான அழுகை.
"கடைசியில் நன்றாக ஆடினேன், இல்லையா?" என்று
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.
தலையாட்டினேன். அது விதியில் உண்டு.
நுழைவாயில் பித்தளைப் பலகையில்
அவர் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது,
இன்னும் யாரும் திருத்தவில்லை.

அவள் எனக்கு ஐம்பது யூரோ வைத்தாள்.
"நீ பார்த்தாய்," என்றாள்.
கேள்வியா, எச்சரிக்கையா, தெரியாது.
அதன்பின் அவள் இங்கே வரவில்லை.

பழைய சீட்டுக்கட்டுகளில் துளை போட்டு
பரிசுப்பொருள் கடையில்
கட்டு இரண்டு யூரோவுக்கு விற்பார்கள்.
அந்தக் கட்டையும் விற்றிருப்பார்கள்.
கிரேடோவிலோ கிராட்ஸிலோ
ஒரு சமையலறையில் யாரோ
குழந்தையோடு கழுதை ஆட்டம் ஆடும்போது
இஸ்பேட் ஏஸின் மூலை
விரலில் இடறும்.