மூன்றாவது சாவி

வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள்.
மஞ்சக்குப்பத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே
சாமியானாவின் நிழல் நகர நகர
நாங்களும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம்.
மைக்கில் புகழேந்தி சார்
பழைய ஓய்வூதியத்தை ஏழாவது முறையாகக் கேட்டார்.
முழக்கத்தின் இரண்டாம் பாதி எங்களுடையது.

அப்போதுதான் அஞ்சலாட்சி போன் செய்தாள்.

சோனாங்குப்பம் தொடக்கப்பள்ளிக்கு
ஒரு பூட்டு, மூன்று சாவி.
ஒன்று தலைமையாசிரியர் பையில்.
அவர் என் பக்கத்தில்தான், குடையோடு.
ஒன்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில்,
எந்த மேசையில் என்று அந்த மேசைக்கே தெரியாது.
ஒன்று இவளிடம்.
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்று
தீர்மான நோட்டில் இவள் பெயரை எழுதியது நான்.
"மாசம் ஒரு கையெழுத்துதான், வேற வேலை இல்ல" என்று
சொன்னதும் நான்.

"டீச்சர், ஆபீஸ்லேருந்து பேசுனாங்க.
பள்ளிக்கூடத்தத் தொறக்கணுமாம்.
படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர
தற்காலிகமா அனுப்புறாங்களாம்.
தொறந்தா நீங்க தோத்துடுவீங்களா?"

பின்னால் ஏலக் குரல். துறைமுகத்தில் நிற்கிறாள்.
சங்கராவுக்கும் கவலைக்கும் நடுவே
ஒரு காதை எனக்கென்று ஒதுக்கியிருக்கிறாள்.

சொல்ல வேண்டியதெல்லாம் துண்டறிக்கையில் இருந்தது.
நாற்பத்தாறு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு பேர்.
இதில் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை,
செயலியில் ஏறாத வருகைப் பதிவு.
நாங்கள் கேட்பது உன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்றேன்.
பொய் இல்லை.
ஆனால் ஓய்வூதியம் முதல் கோரிக்கை.
காலிப் பணியிடம் பதினொன்றாவது.

முழுக்கக் கேட்டாள். பிறகு,
"சரி டீச்சர். ஒங்க பொண்ணு ஸ்கூலு தொறந்திருக்குல்ல?"

வில்வநகர் முனைக்குக் காலை ஏழே முக்காலுக்கு வந்த
மஞ்சள் வேன்
என் தொண்டைக்குள் ரிவர்ஸ் எடுத்தது.

குத்திக் கேட்கவில்லை அவள்.
முள் எங்கே நிற்கிறது என்று தராசைப் பார்ப்பாளே,
அப்படித்தான் கேட்டாள்.
"தொறந்திருக்கு" என்றேன்.
"ம்" என்றாள்.
யாரோ விலை கூட்டினார்கள். போன் அணைந்தது.

ஒரு மணிக்கு ஒரு படம் வந்தது.
வகுப்பறைக் கதவில் பூட்டு, பூட்டியபடியே.
சமையலறை மட்டும் திறந்திருக்கிறது.
வராந்தாவில் தட்டுகளோடு பிள்ளைகள்,
முட்டையைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள்.
யார் பக்கம் இவள் என்று தலைமையாசிரியர் கேட்டார்.
படத்தை அவரிடமிருந்து திருப்பிக்கொண்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒன்பதாம் வாய்ப்பாட்டில் எப்போதும்
ஆறோடு நின்றுவிடும் கவியரசன்
இந்த ஆறு நாளில் ஒரு படி ஏறியிருக்கிறான்.
சுவரில் கரிக்கட்டையால்:
9 × 7 = 62.

"எங்கள் கோரிக்கை" என்றது மைக்.
"நியாயமானது" என்று கை உயர்த்தினேன்.
இன்னொரு கை, முந்தானைக்குள்,
"அறுபத்துமூணுன்னு சொல்லு அவங்கிட்ட" என்று
தட்டி அனுப்பிவிட்டது.

கருங்காலி வேலையில் இதுவும் சேருமா என்று
சங்கத்தில் யாரைக் கேட்பது?