வெளித் தேர்வாளர்

வினாத்தாளை நானே எடுத்தேன்.
எங்களுக்கென்று எழுத்தில்லை, அதனால்
தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து
வேண்டிய இடங்களில் மேலே
பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.
விடைக்குறிப்பும் நானே.
திருத்துபவர் பெயரிலும் என் பெயரை எழுதியபோதுதான்
தேர்வுப் பிரிவு சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"வெளி ஆள் ஒருத்தர் வேணும்மா. ரூல்ஸ்."

கணினியில் மொழிகளின் பட்டியல்:
தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஆங்கிலம்.
கடைசியில், மற்றவை.
தர்மபுரி விரிவாக்க மையம், அறை எண் பதினான்கு,
சனிக்கிழமை தோறும் ஏழு பேர் படிக்கும்
இருளர் மொழிச் சான்றிதழ் வகுப்புக்கு
அங்கே பெயர் மற்றவை.

பட்டம் வாங்கியிருக்க வேண்டும், மொழி தெரிய வேண்டும்,
இந்த மையத்தில் சம்பளம் வாங்கக் கூடாது.
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.
அஞ்செட்டி ருத்ரி, என் பெரியப்பன் மகள்.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.

சாதிச் சான்றிதழுக்கு அலைந்த நாளில்
தாலுகா ஆபீஸ் வாசலில் சண்டை போட்டோம்.
தமிழில் போட்டோம்.
சுற்றி நிற்பவர்களுக்குப் புரியட்டும் என்று
இரண்டு பேருமே நினைத்தோம் போல.

நியமனக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினேன்.
மதிப்பூதியம் இருநூற்றைம்பது, பஸ் சார்ஜ் தனி.
பென்னாகரம் வழியாக வந்து இறங்கினாள்.
கையெழுத்துப் போட்டாள்.
என்னை "மேடம்" என்றாள்.
நானும் "மேடம்" என்றேன்.

வாய்மொழித் தேர்வு.
நூற்றியெட்டு வண்டி ஓட்டும் இலியாஸ் முதலில்.
எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும்.
மலை வளைவில் கியர் மாற்றுவதுபோல்
அசை அசையாகக் கேட்டு முடித்தான்.
ஐந்துக்கு நாலு.

அடுத்து பாலக்கோடு நர்ஸ் பிரேமலதா.
காய்ச்சலுக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்லைச் சொன்னாள்.
ருத்ரியின் சிவப்புப் பேனா நின்றது.
சுழி போட்டது.

"இது ஆட்டுக்கு வர்ற காய்ச்சல்."
தாளைப் பார்த்தபடி சொன்னாள், எங்கள் மொழியில்.
"உங்க பக்கம் ஆட்டுக்கு. எங்க பக்கம் மனுஷனுக்கும்."
"உங்க பக்கம் மனுஷன் யாரு?"

பிறகு சான்றிதழ் வந்தது.
பெரியப்பன் சாவுக்கு நான் போகாதது வந்தது.
அவள் திருப்பித் தராத செம்புக் குடம் வந்தது.
நெடுஞ்சாலையில் கிரானைட் லாரி போகையில் மட்டும் நிறுத்தினோம்,
போனதும் விட்ட சொல்லிலிருந்து.
வகுப்புக்கென்று ஒவ்வொரு சொல்லையும்
கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருந்தேன்.
இவை எச்சிலோடு வந்தன.
இத்தனை என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

மூச்சு வாங்கத் திரும்பினால்
ஏழு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.
இலியாஸ் கை தூக்குகிறான்.
"கடைசியா திட்டினீங்களே,
அதுக்கு மேல புள்ளி உண்டா மேடம்?"

உண்டு என்றாள் ருத்ரி.
இல்லை என்றேன்.