அடுத்த ஆயில்

எர்ணாவூர் மேம்பாலத்து இறக்கத்தில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம்.
பிறகு வெறும் உருளல்.

டில்லி வந்து டிப்ஸ்டிக்கை உருவினான்.
நுனியில் ஒட்டியதைத் தேய்த்து முகர்ந்தான்.
“இன்னாண்ணே, கருவாட்டுக் கொயம்பு மாரி கீது.”

கண்ணாடி மூலையில் போன வருஷம் அவனே ஒட்டிய சீட்டு:
அடுத்த ஆயில் 62,000.
மீட்டரில் 79,416.

நடுவில் சும்மாவா இருந்தேன்?
இன்பராணிக்குக் காலேஜ் பீஸ்.
பைனான்ஸ்காரனுக்கு ஏழு தவணை.
அமாவாசைதோறும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.
சீட்டுக்குப் புது உறை,
டேஷ்போர்டு அம்மனுக்கு வெள்ளி தவறாமல் முழம் பூ.
பானெட்டை மட்டும் திறக்கவில்லை,
ஓடுகிறதே என்று.

பிளாக்கில் ஓட்டை.
அதில் கட்டைவிரலை விட்டு
ஆட்டிக் காட்டினான் டில்லி.
இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

மேற்கே மணலிப் புகைபோக்கியில்
பகலிலும் அணையாத தீ.
மூச்சை இழுத்தால் எண்ணெய் வாடை.
ஊருக்கெல்லாம் காய்ச்சி அனுப்பும் இடத்தில்
மூன்றரை லிட்டருக்குச் செத்தது என் வண்டி.

இழுவை வண்டி வரும்வரை
அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
வரவில்லை.
நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறான்.