அரைநாள் கூலி

கல்லுக்கு ஏப்ரல் ஆறு.
எங்கள் வீட்டுக்குப் பங்குனித் தேய்பிறைப் பஞ்சமி.
இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம்,
இந்த வருஷமும் வரவில்லை.
அதனால் பெரியப்பா வருஷத்துக்கு இரண்டு முறை சாகிறார்,
திதிக்கு ஒரு முறை, தாசில்தாருக்கு ஒரு முறை.

கீவளூரில் ஏறி, சிக்கலில் உட்கார இடம் கிடைத்து,
நாகப்பட்டினத்தில் இறங்கினால்
வெயில் அதற்குள் பழுத்துவிட்டது.
சுங்க அலுவலகத்துக்குப் பின்னால்
ஐஸ் ஆலைச் சுவரை ஒட்டி இடுப்பளவுக் கல்.
முன்பு கடலைப் பார்த்து நின்றது.
சுனாமி புரட்டிப் போட்டதைத்
தூக்கி நிறுத்தியவர்கள்
திருப்பி நிறுத்திவிட்டார்கள்.
இப்போது அது பார்ப்பது
மீன்கூடைகளையும் ஒரு கழிப்பறைக் கதவையும்.

யாழ்ப்பாணத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்த தோணி.
விமானம் ஒன்றே ஒன்று. குண்டு இரண்டு.
ஒன்று வெறும் தண்ணீரில் விழுந்ததாம்.
கல் சொல்கிறது:
தண்டல் நெய்னா முகம்மது. சுக்கானி சூசைமரியான்.
கணக்கர் வைத்திலிங்கம்.
பிறகு, இடம் போதாமல் நெருக்கிச் செதுக்கிய கடைசி வரி:
மற்றும் கூலியாட்கள் பதினொருவர்.

பக்கிரிசாமி என்று ஒரு பெயர்
அந்த 'மற்றும்' என்கிற சொல்லுக்குள் இருக்கிறது.
நாகூருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை.
வயது பத்தொன்பது. இடது தோளில் மூட்டை தூக்குகிறவன்.
வேறெதுவும் எனக்குத் தெரியாது. படம் கிடையாது.

வரவேண்டிய அதிகாரி வரவில்லை,
அவருக்குப் பதில் ஒருவர் வந்தார்.
தாளை விரித்து
"எண்ணற்ற தொழிலாளர்கள்" என்று வாசித்தார்.

எண்ணற்ற இல்லை ஐயா.
பதினொன்று. எண்ணித்தான் எழுதியிருக்கிறது.
எண்ணியது யார் என்பதும் தெரியும் எங்களுக்கு.
மேஸ்திரி, மறுநாள் காலை,
கூலி வாங்க வராதவர்களை.

அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது.
போய்க் கை நீட்டச் சொல்லி அனுப்பினார்கள்.
முழுநாளுக்கு ஆறணா.
குண்டு விழுந்தது பத்து மணிக்கு,
ஆகவே மூன்றணா.
வரும் வழியில் ஓரணாவுக்கு வெல்லம் போட்ட அவல் வாங்கித்
தின்றுவிட்டார்.
பசி. அவ்வளவுதான்.
அதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்,
ஒரு கொலையை ஒப்புக்கொள்பவரைப் போல.

இரண்டு நிமிட மௌனம் என்றார்கள்.
ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு யாரும் சொல்லவில்லை போல.
அது பாட்டுக்கு அரைத்தது.
ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு
மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மலர்வளையம் வைத்தவர்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகும்
ஒரு பெண் போகாமல் நின்றாள், கையில் தூக்குவாளி.
அக்கரைப்பேட்டையாம்.
"உங்களவர் அதுல எத்தனையாவது?" என்றாள்.
நான் யோசித்ததே இல்லை.
"எங்களது ஏழு. நாங்களா வச்சிக்கிட்டதுதான்.
மூணுக்கும் அஞ்சுக்கும் ஆள் இருக்கு,
போன வருஷம் வந்திருந்தாங்க."
"அப்படியென்றால் நாலு" என்றேன்,
ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவனைப் போல.

பொட்டலத்தைப் பிரித்தேன்.
அவள் வாளியைத் திறந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும்.
கல்லின் தலையில் அவள் ஒரு உருண்டை வைத்தாள்,
பக்கத்தில் நான் ஒரு பிடி அவல்.
ஆளில்லாத எண்களுக்கும் சேர்த்து
இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

கல்லின் முதுகுப் பக்கம் போனால்தான் கடல் தெரிகிறது.
அங்கே உட்கார்ந்து மீதியைத் தின்றோம்.
வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்றாள்.