முதல் உரிமையாளர்

டிசம்பர் முப்பத்தொன்று, பிற்பகல் இரண்டு மணி.
மாரிபோரில் ஆற்றின் மேல் மூடுபனி.
பதிவு அலுவலகம் நாலு மணிக்கு அடைத்துவிடும்.
நள்ளிரவு தாண்டினால்
கடையில் நிற்கும் பதினேழு பைக்கையும்
புதியது என்று சொல்லி விற்க முடியாது.
புது வருஷம், புதுப் புகை விதி.

முதலாளி வ்ராபல் விரல்விட்டு எண்ணினார்.
கடையின் பெயரில் எட்டு.
"மீதி ஒன்பது உன் பெயரில், ஸ்டென்கா.
கையெழுத்துதானே, காசா பணமா?"

எனக்குச் சைக்கிளே பயம்.
அன்று மாலை ஆறாம் எண் பேருந்தில்
ஒன்பது பைக்குக்குச் சொந்தக்காரி
கம்பியைப் பிடித்தபடி
நின்றுகொண்டே வீடு போனாள்.

ஜனவரியில் அவை பழைய வண்டிகள்.
ஓடிய தூரம் சுழியம்.
டயரில் ரப்பர் முள் உதிரவில்லை,
இருக்கையில் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை,
வாசற்படி இறங்காமலே
கைமாறிய சரக்கு.
விலை அட்டைகளை நானே திருத்தினேன்:
ஆயிரத்து நூறு யூரோ தள்ளுபடி.

மார்ச்சில் ஈரக் கோட்டோடு தீலென் வந்தான்.
முதலில் புதிய மாடலைச் சுற்றி வந்தான்.
அதே வண்டி, கூடுதலாக ஓர் உணரி,
கூடுதலாக ஒரு மாதச் சம்பளம்.
பல வருஷமாய் அவன் மனதில் வைத்திருந்த
ஒற்றை சிலிண்டர் வண்டியைக் கேட்டான்.
அதை இனி இந்தக் கண்டத்துக்கு அனுப்பமாட்டார்களாம்.
மின்சார வண்டியா?
"என் வீடு மலைமேல்.
ஏறிவிடும். மறுநாள் வேலைக்கு இறங்குமா?"

கடைசியில் சாம்பல் நிறத்தின் முன் நின்றான்.
காகிதத்தை வரிவரியாகப் படித்தான்.
முந்தைய உரிமையாளர்: ஒருவர், பெண்.
"ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் விற்கிறாரே,
பாவம், செத்துப்போய்விட்டாரா?"

"இல்லை.
காப்பிக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்கிறார்."

சிரித்தான்; காப்பி சிந்தியது.
பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"நுரையீரல் வார்டில் எனக்கு இரவு வேலை.
விதி சரிதான்.
என் சம்பளம்தான்
இன்னும் அந்த விதிக்கு வந்து சேரவில்லை."

நான் எதுவும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில்
பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தேன்.

முற்றத்தில் இரண்டு முறை இருமி
மூன்றாவதில் பிடித்தது எஞ்சின்.
என் வண்டியின் புகையை
விற்ற பிறகுதான் முகர்ந்தேன்.
சூடான இரும்பு, புது எண்ணெய்,
பெயிண்ட் கருகுகிற வாசனை.
தெரு முனையில் திரும்பும்போது
இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டான்.
கையை ஆட்டிப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

நேற்று அரசாங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது.
உங்கள் வீட்டில் எத்தனை மோட்டார் வாகனங்கள்?
ஒன்பது என்று எழுதி, அடித்து,
எட்டு என்று எழுதினேன்.
ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?
அந்தக் கட்டத்தை
பேருந்தில் நிரப்பிக்கொள்ளலாமென்று
மடித்துப் பையில் வைத்தேன்.