அலமாரிக் கண்ணாடி

வால்பராய்சோவில் வீடு விற்பவர்களுக்குப்
படம் எடுத்துக் கொடுக்கிறேன்.
ஓர் அறைக்கு இரண்டு படம்:
ஒன்று அறைக்கு, ஒன்று ஜன்னலுக்கு.
அறை தெரிந்தால் ஜன்னல் வெறும் வெள்ளைத் தீ.
ஜன்னலில் கடல் தெரிந்தால்
அறை கிணற்றுக்குள் கிடக்கும்.

முதல் மாதம் ரப்பரால் அழித்தேன்.
மேல் படத்தைத் தேய்க்கத் தேய்க்கக்
கீழிருந்து கடல் வந்தது.
கூடவே திரைச்சீலையில் பாதி போனது.
பார்க்காமல் சேமித்து மூடிவிட்டேன்.
மறுநாள் எவரிஸ்தோ கேட்டார்,
"திரை எங்கே?"
எங்கேயும் இல்லை.
அந்தக் கோப்பில் அப்படியொரு துணி
நெய்யப்படவே இல்லை.

பக்கத்து மேஜை ஹிமேனா
எம்பனாடா தின்றபடி சொன்னாள்:
"அழிக்காதே. மாஸ்க் போடு.
கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்.
அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானைக் கற்க
மூன்று வாரம் ஆனது.

லேயருக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைச் சதுரம் முளைத்தது.
கறுப்பு பிரஷை ஜன்னல்மேல் இழுத்தேன்.
கடல் வரவில்லை, தார் வழிந்தது.
சதுரத்தைத் தொடாமல்
படத்தையே தொட்டிருக்கிறேன்.
மறுபடி இழுத்தேன்.
மறுபடி தார்.
கீழே தெருவில் கேஸ்காரன்
சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான்,
என் தலையில் தட்டுவதுபோல.

நான்காம் முறை சரியான சதுரம்.
ஜன்னல் விரற்கடை விரற்கடையாகத் திறந்தது:
துறைமுக கிரேன்கள், நங்கூரமிட்ட கப்பல்,
கொடியில் யாரோ மறந்த ஒற்றைக் காலுறை.
கை தவறிச் சுவரிலும் கடல் கசிந்தது.
எக்ஸை அழுத்தினேன், பிரஷ் வெள்ளையானது.
சுவர் திரும்பி வந்தது
தன் பழைய ஆணித்துளையோடு.
யாருமில்லாத அலுவலகத்தில்
எழுந்து நின்று ஒருமுறை கைதட்டிக்கொண்டேன்.

பிறகு துணிச்சல் வந்தது.
வீடுகளில் அலமாரிக் கண்ணாடி இருக்கும்,
கண்ணாடியில் நான் இருப்பேன்:
முக்காலி, நீல ஸ்வெட்டர், ஒரு கண் மூடிய முகம்.
வாங்க வருகிறவருக்கு நான் எதற்கு?
ஓரமாக நின்று இன்னொரு படம் எடுத்து
அடியில் வைத்து
என்மேல் கறுப்பைப் பூசுவேன்.
முதலில் முக்காலி போகும். பிறகு முழங்கால்.
சாம்பல் பட்ட இடத்தில் கொஞ்ச நேரம்
பாதி ஆளாக நிற்பேன்,
போகட்டுமா என்று கேட்பவன்போல.
நாற்பத்தொரு வீடுகளில்
இப்படி நான் இல்லாமல் இருக்கிறேன்.

எவரிஸ்தோவுக்கு எல்லா லேயரையும் ஒன்றாக்கிக் கொடுப்பேன்.
எனக்கென்று ஒரு பிரதி பிரித்தபடியே வைப்பேன்.
ஏன் என்று தெரியாது.
அந்தத் திரைச்சீலையாக இருக்கலாம்.

ஆகஸ்டில் ஒரு மூடுபனி நாள், வேலை இல்லை.
ஷிப்டைப் பிடித்துச் சதுரத்தைச் சொடுக்கினால்
அதன்மேல் சிவப்புப் பெருக்கல்குறி விழும்,
மாஸ்க் சற்று ஓய்வெடுக்கும்.
வீடு வீடாகச் சொடுக்கினேன்.
வீடு வீடாக வந்து நின்றேன்,
அதே ஸ்வெட்டரில், வாடகை கேட்க வந்தவன்போல.

பதினேழாவது, லராயின் குன்றில் மஞ்சள் தகர வீடு.
ஓத்திலியா வெர்டூகோ, இரவுப்பணி நர்ஸ்,
அந்தோஃபகாஸ்தாவுக்கு மாற்றல்.
சொடுக்கினேன்.
நான் வந்தேன்.
என் முதுகுக்குப் பின்னால் கதவோரம்
அவளும் வந்தாள்,
கையில் இரண்டு கோப்பை.

அன்று நான் திரும்பவே இல்லை.
வெளிச்சம் போகிறதென்று
மூன்று அறையை அவசரமாக முடித்து
வாசலில் நின்று நன்றி என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன்.
பூசும்போது அவளையும் சேர்த்தே பூசியிருக்கிறேன்.
பிரஷ் பெரிதாக இருந்தது.

மாஸ்கைத் திரும்ப எழுப்பினேன்.
பிரஷைச் சிறிதாக்கி, ஓரத்தை மென்மையாக்கி, வெள்ளை.
முதலில் விரல்கள். பிறகு ஒரு கோப்பை.
பிறகு அவள் முகம், கூப்பிட வாயெடுத்தபடி.
இரண்டாவது கோப்பையின் காது
என் முழங்கையை ஒட்டி நின்றது.
அதைக் காட்ட
என்னையும் கொஞ்சம் காட்ட வேண்டியிருந்தது:

ஒரு விரற்கடை
நீல ஸ்வெட்டர்.