இழுத்துப் பார்த்தல்

மஞ்சள் மேலங்கி என்னுடையதில்லை.
நாளொன்றுக்கு நாற்பது ராண்ட் கட்டி
இந்தத் தாரில் நிற்க நானே வாங்கும் உரிமை அது.
பிரிட்டோரியாவின் வெயில் மட்டும் இலவசம்.
பூட்டும் சாவியும் பிறருடையவை,
கவலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆறு வருடத்தில் எனக்குக் கண்ணைவிடக் காது கூர்மை.
டொயோட்டா ஒருமுறை கனைக்கும்.
ஜெர்மன் கார்கள் வாய் திறப்பதில்லை,
முயல் காதை மடிப்பதுபோல் கண்ணாடியை மடித்துக்கொள்ளும்.
பழைய ஃபோர்டு, பாதியில் நின்ற தும்மல்.
சிலவற்றுக்குச் சாவியே கிடையாது:
ஆள் நாலடி விலகினால்
பேச்சுவார்த்தை முறிந்த பக்கத்து வீடுபோலத்
தானே சாத்திக்கொள்ளும்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
நடந்துகொண்டே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப்
பொத்தானை அழுத்துவதுதான் இப்போதைய நாகரிகம்.

இன்று மதியம் ஒரு வெள்ளைக் கார்.
தோளில் பை, காதில் போன், இடுப்பில் அழுகிற பிள்ளை.
அழுத்தினாள்.
விளக்கு சிமிட்டவில்லை.
கண்ணாடி மடியவில்லை.
ஒலி வரவேண்டிய இடத்தில்
ஒரு புறா நடந்துபோனது.

மூன்று வரிசை தள்ளி ஒருவன்.
சாம்பல் தொப்பி, கால்சட்டைப் பைக்குள் கை.
அந்தக் கையில் என்ன என்று எனக்குத் தெரியும்:
வீட்டு கேட்டைத் திறக்கிற சின்ன ரிமோட்.
இவள் 'பூட்டு' என்கிற அதே நொடியில்
அவன் அதைவிட உரக்கப் பேசுகிறான், அவ்வளவுதான்.
காரின் காதில் எதுவும் விழாது.
கண்ணாடி உடையாது, கதவில் கீறல் இருக்காது.
இன்சூரன்ஸ்காரர் கேட்பார், பூட்டினீர்களா?
பூட்டினேன் என்பாள்.
பொய்யில்லை அது.

ஓடினேன்.
"மேடம், கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பாருங்க."
பிரெஞ்சின் நிழலில் வளர்ந்த ஆங்கிலம்,
அவசரத்தில் இன்னும் கோணும்.
பையை இறுக்கினாள். பிள்ளையை இறுக்கினாள்.
பூட்டச் சொல்கிறவனிடமிருந்து
முதலில் எதைப் பூட்டுவது என்று யோசித்தாள் போலும்.

எட்ட நின்றே இழுத்தாள்.
வா வா என்பதுபோல் திறந்தது கதவு.
பின்சீட்டில் லேப்டாப், பிய்ந்த சாக்லேட் உறை,
பிள்ளையின் ஒற்றை ஷூ.

தொப்பிக்காரன் அதற்குள்
கோழிக்கறித் தள்ளுபடித் தாளை ஊன்றிப் படிக்கிறான்.
அவள் மறுபடி அழுத்தினாள், இம்முறை கேட்டது.
நான்கு கதவையும் சுற்றிவந்து இழுத்தாள்,
டிக்கியையும்.
நன்றி சொல்லவில்லை. பெயர் கேட்டாள்.
"டியுடோனே கசொங்கோ."
"நான் டிகெலெடி" என்றவள்,
அதையும் பூட்டி வைத்திருக்கலாமோ என்பதுபோல் விரைந்தாள்.

நான் காவலன், போலீஸ் இல்லை.
கேட் ரிமோட் வைத்திருப்பது குற்றமில்லை,
கேட்டே இல்லாதவன் வைத்திருந்தாலும்.

ஐந்து மணிக்கு அவனே வந்தான்,
கதவில் துரு ஏறிய நீல நிஸ்ஸானில்.
என் வரிசையில்தான் நிறுத்தினான்.
பொத்தான் எதுவும் இல்லை, சாவியை நுழைத்துத் திருகினான்.
கைப்பிடியை இழுத்தான்.
இன்னொருமுறை இழுத்தான்.
பத்தடி போய்த் திரும்பி வந்து, மூன்றாம் முறை.

பிறகு என் உள்ளங்கையில் இருபது ராண்ட் வைத்து,
"கொஞ்சம் பாத்துக்கங்க அண்ணே" என்றான்,
"காலம் கெட்டுக் கிடக்கு."

இன்றைய வசூலில் பெரிய நோட்டு அதுதான்.
பார்த்துக்கொண்டேன்.